கரிசலுக்கு வந்த கைகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

எங்கள் கரிசல் மண்ணில் பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் அறிமுகமாகும் ஓவியங்கள் இரண்டு. ஒன்று, வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் காலண்டர்ப் படம். மற்றொன்று, அடுப்படியில் கிடக்கும் தீப்பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள். அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்தவை. எங்களுக்கு மயில்மேல் அமர்ந்த முருகனும், தாமரைமேல் நின்ற லட்சுமியும், பெட்டியின்மேல் சிறகை விரித்த கிளியுமே கலைக்கூடம்.

இந்தப் படங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்குள் மூன்று கேள்விகள் எழுகின்றன. இவற்றை எழுதியவர்கள் யார்? இவற்றைக் கட்டுக்கட்டாகக் கையில் எடுத்து ஒட்டிய எங்கள் ஊர்ச் சிறுமியர் தாம் ஒரு படமும் வரையாமல் போனதேன்? வெளியூரிலிருந்து பிழைக்க வருபவரை இன்று நாம் ஐயத்தோடு பார்ப்பதேன்? மூன்றும் வெவ்வேறு திசையில் நிற்கும் கேள்விகள்போலத் தோன்றலாம். ஆனால் மூன்றும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன என்பது என் எண்ணம். அந்த வாசலுக்குத் திறந்த மனம் என்று பெயர்.

முதற் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். காலண்டர் ஓவியம் என்றால் கோவில்பட்டியின் நினைவு வரும்படி செய்தவர் சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்த அவர் கோவில்பட்டிக்காரர் அல்லர். சென்னையிலிருந்த கலைப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குக் காட்சித் திரை எழுதிப் பிழைத்தவர். அரண்மனை, காடு, கடைவீதி, கைலாயம் என்று ஒவ்வொரு காட்சிக்கும் பின்னே தொங்கும் பெரிய சீலைகளை எழுதுவது அக்காலத்தில் ஒரு தனித் தொழில். அப்படி நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சென்றவர் 1940-களில் கோவில்பட்டிக்கு வந்தார். கம்பெனி கலைந்தது, அவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ இவ்வாறுதான் எங்கள் ஊருக்குக் கிடைத்தது. 1976-ல் மறையும் வரை அவர் இவ்வூரைவிட்டு வேறிடம் தேடவில்லை.

அவர் தனியாக வரைந்து தனியாகப் புகழ் பெற்றவர் அல்லர். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் முதலிய மாணவர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டு வளர்த்தார். அவர்கள் காலத்துப் படங்களைக் கூர்ந்து பார்த்தால் ஓரத்தில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருப்பதைக் காணலாம். ஊர் அவருக்கு ஒரு திண்ணை கொடுத்தது. அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தம் கையெழுத்தில் பாதி கொடுத்தார். அந்நாளில் யாரேனும், "நாடகக்காரனுக்கு இங்கே என்ன வேலை, போகச் சொல்லுங்கள்" என்று விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ்நாட்டின் எத்தனையோ பூசையறைகளில் மாட்டப்பட்ட படங்கள் வேறு முகத்தோடு இருந்திருக்கும்.

இன்னும் சற்றுப் பின்னே போவோம். அச்சடித்த சாமி படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் ராஜா ரவிவர்மா. அவர் இளைஞராக இருந்தபோது திருவிதாங்கூர் அரண்மனைக்கு தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். எண்ணெய் வண்ணம் தீட்டும் நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்க அவருக்கு மனமில்லை என்றும், வரைவதைப் பார்த்துக்கொள்ள மட்டுமே இசைந்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றில் சொல்வார்கள். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா. ஆனால் தமக்கு மூடிய கதவைத் தாம் பிறருக்கு மூடவில்லை. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது ஜெர்மானியத் தொழில்நுட்பர்களை வேலைக்கு அமர்த்தினார். அவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர். சில ஆண்டுகளில் அச்சகம் கடனில் தத்தளித்தபோது அவரிடமே அது விற்கப்பட்டது. அவர் அதைத் தொடர்ந்து நடத்தினார். நம் வீட்டுச் சரஸ்வதியையும் லட்சுமியையும் கல்லில் ஏற்றி, நிறம் நிறமாகப் பிரித்து, தாளில் இறக்கியதில் கடல் கடந்து வந்த ஒரு ஜெர்மானியருக்கும் பங்கு உண்டு. இதனால் தெய்வத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா? ஏழையின் குடிசைக்கும் அப்படம் காசுக்குக் கிடைத்தது என்பதே உண்மை.

சென்னைக் கலைப் பள்ளியின் கதையும் இதற்கு ஒத்ததே. 1850-ல் அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர். அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரோ தமிழர் அல்லர். வங்காளத்திலிருந்து வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1957 வரை கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் அங்கே பணியாற்றினார். கே.சி.எஸ். பணிக்கரும் சிற்பி தனபாலும் அவரிடம் பயின்றவர்கள். சென்னைக் கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு உழைப்பாளர்களைக் காண்கிறோமே, 1959-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையும் அவர் கைவண்ணமே. தமிழ்நாட்டு உழைப்பின் அடையாளமாக நாம் காட்டும் சிலையை ஒரு வங்காளி செய்தார் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

தீப்பெட்டியும் வெளியூர் வித்தைதான். 1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, மொழி தெரியாத ஊரில் தங்கி, இத்தொழிலைக் கற்று வந்தார்கள். கற்றுக்கொடுக்க அங்கே மனிதர்கள் இருந்தார்கள். வானம் பொய்த்தால் வயிறு பொய்க்கும் மானாவாரிப் பூமிக்கு, மழை குறைவு என்ற சாபமே தொழிலுக்கு வரமாக மாறியது. பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகத்துக்கு ஓவியர் வேண்டும். ஒன்றன் வாலைப் பிடித்து மற்றொன்று வந்தது. சிவகாசி அச்சு நகரமாயிற்று. கோவில்பட்டி ஓவியர்களுக்கு வேலை கிடைத்தது.

இத்தனையும் பெருமைதான். ஆனால் இப்பெருமைக்குப் பின்னே ஓர் இருட்டும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரையாகிவிடும்.

என் தாயார் பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். கருக்கலில் ஊருக்குள் வரும் ஆபீஸ் பஸ்சில் ஏறி, இருட்டிய பிறகு திரும்பி வருவாராம். முதலில் கட்டை அடுக்கினார். பிறகு லேபிள் ஒட்டினார். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகளை அமர்த்தலாகாது என்று 1986-லேயே சட்டம் வந்திருந்தது. ஆனால் சட்டம் டில்லியில் இருந்தது. பஸ் எங்கள் தெருவில் நின்றது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பல ஆண்டுப் பாடுபட்டே பள்ளிக்கூடங்கள் நிரம்பின. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றால், அந்தப் பாட்டின் பயனையும் சேர்த்தே மிதித்திருக்கிறேன்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்: "அத்தனை படம் ஒட்டியிருக்கியே, உனக்கு ஒருநாளாவது வரையணும்னு தோணலையா?"

அம்மா சிரித்தார். "ஏட்டி, படத்தைப் பார்த்தா கை நிக்கும். கை நின்னா குரோஸ் குறையும். படத்தைப் பார்க்காம ஒட்டுறவதான் கெட்டிக்காரி" என்றார்.

இந்தப் பதில் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. கோடிக்கணக்கான படங்கள் பிள்ளைகளின் விரல்வழியே போயிருக்கின்றன; ஒன்றும் கண்வழியே உள்ளே போகவில்லை. வறுமை பிள்ளையின் வயிற்றை மட்டும் அன்று, கண்ணையும் பட்டினி போடுகிறது. எனினும் அம்மாவின் கை முற்றிலும் ஊமையாகிவிடவில்லை. மார்கழியில் எங்கள் வாசலில் அவர் போடும் கோலத்துக்கு மாதிரிப் புத்தகம் கிடையாது. புள்ளி வைத்த பிறகுதான் கோடு எங்கே போகும் என்பது அவருக்கே தெரியுமாம்.

சரி, இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களே, வரைகிறார்களா? வரைகிறார்கள். ஆனால் எதை? என் தெருவில் மாலை நேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சனிக்கிழமைகளில் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, இஷ்டம்போல் வரையுங்கள் என்பேன். எல்லாத் தாளிலும் ஒரே காட்சி வரும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் தென்னை, பக்கத்தில் கூரை வீடு. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் ஆறு உண்டா? மழை பெய்தால் ஓடும் ஓடைதான் உண்டு. தென்னையைவிடப் பனையும் உடைமரமும் வேலிக்கருவேலும்தான் அதிகம். கண் முன்னே கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலும், பருத்தி வெடித்த வெள்ளையும், கயத்தாறுப் பக்கம் வரிசையாய்ச் சுற்றும் காற்றாலைகளும் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் வரைவதில்லை. யாரோ எப்போதோ கரும்பலகையில் போட்ட மலையும் ஆறும் தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்படுகின்றன. அதை அப்படியே போட்டால் 'குட்' கிடைக்கும், வேறு போட்டால், "இது என்ன?" என்ற கேள்வி கிடைக்கும்.

ஆஸ்திரியாவில் வியன்னா நகரில் ஃபிரான்ஸ் சிசெக் என்றொரு ஓவியர் இருந்தார். அவரும் அந்நகரத்தார் அல்லர். பொஹிமியாவிலிருந்து படிக்க வந்தவர். ஒரு தச்சர் குடும்பத்தோடு குடியிருந்தபோது, அவ்வீட்டுப் பிள்ளைகள் தாமாக வரைவதைக் கண்டு வியந்தார். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்து வரைவதைவிட அதில் உயிர் இருப்பதை உணர்ந்தார். 1897-ல் சிறுவர்க்கென ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். திருத்துவதைக் குறைத்துக்கொண்டு வளர விடுவதே அவர் முறை. நம் நாட்டிலும் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-ல் குழந்தைகளுக்கான போட்டியைத் தொடங்கினார். விரைவிலேயே உலக நாடுகளின் பிள்ளைகள் எல்லாம் படம் அனுப்பும் போட்டியாக அது வளர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 2012-ல் ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடந்தது. இவை நல்ல முயற்சிகள். ஆனால் ஆசிரியரும் விழாவும் வந்த பிறகும் இரண்டு மலையும் ஓர் ஆறும் போகவில்லையென்றால், குறை தாளில் இல்லை. "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்னும் நம் மனத்தில் இருக்கிறது.

அந்த மலையை முதலில் விட்டு வெளியே வந்தவன் எங்கள் ஊர்ப் பிள்ளை அல்லன் என்பதைச் சொல்ல வேண்டும். அவன் எட்டு வயதுப் பையன். பெற்றோர் பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் இந்தி, தெருவில் எங்கள் தமிழ். என்னை "அக்கா" என்றே அழைப்பான். அவன் வரைந்த தாளில் அடியில் விரலளவு கறுப்பு. அதன்மேல் ஒற்றைப் பனை, ஒரு காற்றாலை. மீதி முழுவதும் நீலம்.

"ஏன்டா இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுட்ட?" என்றேன்.

"சும்மா இல்லக்கா, வானம். இங்க வானம்தான் பெருசு" என்றான்.

இருபது ஆண்டுகளாக இந்த வானத்தின்கீழ் வாழ்கிறேன். கரிசல் காட்டின் முதற் பெருமை அதன் வானம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு புதுக் கண் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. மறு சனிக்கிழமை நான்கு பிள்ளைகளின் தாளில் மலை காணாமற் போயிருந்தது. ஒருத்தி கம்மாய்க் கரையில் மேயும் வெள்ளாடுகளைப் போட்டாள். இன்னொருவன் வெயிலில் காயவைத்த தீக்குச்சிச் சட்டங்களைப் போட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவன் கதவைத் திறந்தான். மற்றவர்கள் வெளியே வந்தார்கள்.

இங்கேதான் என் மூன்றாவது கேள்வி வருகிறது. அந்த வாரமே பக்கத்துத் தெருத் தாய் ஒருவர் வந்து, "வடக்கத்திப் பிள்ளையோட என் பிள்ளைகளை உட்கார வைக்காதே" என்றார். நான் மறுத்தேன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அன்றே நின்றுவிட்டார்கள். ஒருத்தி பின்னர் வந்தாள்; மற்றவன் இன்றுவரை வரவில்லை.

அந்தத் தாயைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கணவர் கொத்தனார் வேலை செய்பவர். வெளியூர் ஆட்கள் குறைந்த கூலிக்கு வருவதால் தம் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று அழுதார். அவர் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அவர் கோபம் போய்ச் சேர வேண்டிய முகவரி தவறு. குறைந்த கூலி கேட்பவன் பீகார்க்காரன் அல்லன். குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்று கணக்குப் போடுபவரே அதற்குக் காரணம். ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூராருக்கும் வெளி மாநிலத்தாருக்கும் கூலி வேறுபடலாகாது என்று 1979-ல் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டமே கூறியது. அது உண்மையாக நடந்தால், வெளியூரான் வருகையால் உள்ளூரானின் அடுப்பு அணையாது. வேலைக்கு ஆளை அமர்த்தும்போது எந்த ஊர் என்று பார்ப்பதைவிட, என்ன கூலி, எத்தனை மணி நேரம், எங்கே படுக்கிறான், அவன் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று பார்ப்பதே நாகரிகம்.

நாமும் வந்தவர்கள்தாம், போனவர்களும்தாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர்க் காட்டுக்கும் போனவர்களில் நம் திருநெல்வேலிச் சீமையார் எத்தனை பேர்! 1960-களின் இறுதியில் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோது, தாராவியிலிருந்த எங்கள் தாத்தாவின் தம்பி சில நாள் கடையைத் திறக்கவில்லையாம். "நாங்க என்ன அவுக சோத்தையா பிடுங்கினோம்?" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின. எத்தனையோ பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையம் போனார்கள். அவர்கள் முகத்தில் நான் எங்கள் சின்னத் தாத்தாவைக் கண்டேன்.

எங்கள் கரிசல் இலக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவல் என்ற ஒரே சிற்றூரில் பிறந்தவர்கள். வீட்டில் தெலுங்கு பேசியவர்கள். தெற்கு நோக்கி வந்து இக்காட்டைத் திருத்திக் குடியேறிய தெலுங்கு மக்களின் கதையைத்தான் 'கோபல்ல கிராமம்' நாவலில் கி.ரா. எழுதினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் எங்கள் மண்ணின் பேச்சைத் தமிழுக்கு ஏற்றித் தந்தார்கள். இன்று தெருவில் இந்தி பேசும் பிள்ளையின் பேரன் நாளை எந்தக் கரிசல் கதையை எழுதுவானோ, யார் கண்டது?

வேதியியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்றை எத்தனை நாள் அடைத்து வைத்தாலும் வெளிச்சம் வராது. தனக்கு அயலான பொருளைத் தொட்டபோதுதான் குச்சி சுடர் விடுகிறது. ஆனால் முறையில்லாமல் கலந்தால் அதே இரண்டும் வெடிக்கும் என்பதையும் தொழில் தெரிந்தவர் அறிவர். எனவே சேர்ப்பது மட்டும் போதாது. நியாயமாகச் சேர்க்க வேண்டும்.

நண்பர்களே! நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் முகாமில் சாலையைச் செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். இவ்வாண்டு சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரத்தைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். தாளையும் வண்ணத்தையும் கொடுப்போம். எதை வரைவது என்று சொல்லாமல் இருப்போம். உள்ளூர்ப் பிள்ளையும் வெளியூர்ப் பிள்ளையும் ஒரே பாயில் உட்காரட்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். நம் ஊரில் சுவருக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு சன்னலைத் திறந்து வைப்பதே நாம் செய்ய வேண்டியது.

எங்கள் தெருவில் இப்போது பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். வராத அந்தப் பையனுக்காக ஒரு தாளை ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்து வைக்கிறேன்.